கோர்வையில் விளையும் மகிழ்ச்சி



இடர் இல்லாத வாழ்வே மகிழ்ச்சியான வாழ்வு என்று எண்ணுவோர் பலர். காஞ்சிபுரத்துத் தறி ஒன்றின் அருகே அவர்கள் ஒரு நாழிகை நின்று பார்த்தால் அவ்வெண்ணம் மாறும்.

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு அதன் கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம். கரை வேறொரு நிறம். இரண்டிற்கும் பாவும் வேறு, ஊடையும் வேறு. மூன்று நாடாக்கள் ஓட, ஒவ்வொரு முறையும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். இருபுறக் கோர்வை என்றால் தறியில் துணைக்கு மற்றொருவரும் அமர வேண்டும். ஓர் இழை தளர்ந்தாலும் கோர்வைக் கோட்டில் பழுது தெரிந்துவிடும். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பது நெசவாளர்தம் பெருமிதம்.

இத்துணைத் தொல்லை எதற்கு? உடலையும் கரையையும் ஒரே நாடாவால் நெய்துவிடலாம். வேலையும் விரைவில் முடியும். அதனை அறிந்தும் கோர்வைத் தறியில் அமர்வோர் உளர். நெய்து முடித்த சேலையை அறுத்தெடுத்து, கோர்வைக் கோட்டின்மீது விரலை ஓட்டிப் பார்க்கும் கணத்தில் அவர்கள் முகத்தில் தோன்றுவது, அரியதொன்றைச் செய்து முடித்த நிறைவு. எளிதில் முடிந்த வேலை அந்நிறைவைத் தருவதில்லை.

ஆயினும் நிறைவு மட்டும் அடுப்பெரிக்காது. பிறர் மணவிழாவிற்குப் பட்டு நெய்த கை, தன் மகளின் மணச்சேலைக்காகப் பட்டிழையைத் திருட நேர்ந்த அவலத்தை, 2007ஆம் ஆண்டிற்கான தேசிய விருது பெற்ற ‘காஞ்சிவரம்’ திரைப்படம் காட்டியது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இன்று திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளை நாடிச் சென்றால், அவர்களைக் குறை கூறுதல் அறமாகாது.

சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. காஞ்சிபுரம் பட்டு 2005-06இல் புவிசார் குறியீடும் பெற்றது. இவை பெயரைக் காக்கும். நெய்யும் கையைக் காப்பது நியாயமான கூலியே.

முயன்று மகிழ்க என்று பிறர்க்கு உரைத்தல் எளிது. ஆனால், அம்மகிழ்ச்சியையே கூலியாகக் கொடுத்துவிட எவர்க்கும் உரிமையில்லை. இனிப் பட்டெடுக்கும்போது கரையைத் திருப்பிப் பாருங்கள். கோர்வைதானா என்று கேளுங்கள். கோர்வையெனில் அதற்குரிய விலையைத் தயங்காது கொடுங்கள். அரிய செயலைச் செய்தவரின் மகிழ்ச்சி, அதன் அருமையை அறிந்தவரால்தான் முழுமை பெறும்.