வாடகைக் காரிலும் குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும்

(சாலைப் பாதுகாப்பு மாதத்தை ஒட்டி சிவகாசியில், வாடகைக் கார் ஓட்டுநர்களும் பெற்றோர்களும் கலந்துகொண்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



பாதுகாப்பு பற்றி சிவகாசிக்காரங்களுக்கு வெளியூர்க்காரர் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலைக்குள்ளே செல்போன் கொண்டு போகக் கூடாது, பருத்தித் துணிதான் உடுத்தணும், ஒரு அறையிலே இத்தனை பேருக்கு மேலே உட்காரக் கூடாது. இதெல்லாம் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு பொறி விழுந்த பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது, அதனால்தான் முன்கூட்டியே விதி. கார் மோதலும் அதே மாதிரிதான். மோதின பிறகு குழந்தையைப் பிடிக்க நேரம் கிடைக்காது. இன்றைக்கு நான் பேச வந்தது இந்த ஒரு விஷயம்தான்.

சொந்தக் கார் வைத்திருப்பவர்களில் சிலர் குழந்தை இருக்கை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். ஆனால் நம்மில் பெரும்பாலோருக்குக் கார் என்றாலே வாடகைக் கார்தான். இருக்கன்குடிக்குப் போய் மொட்டை போட்டுக் காது குத்த, பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வர, மதுரையில் பெரிய டாக்டரைப் பார்க்க, விமான நிலையத்துக்குப் போக என்று எல்லாவற்றுக்கும் வாடகைக் கார்தான். ஊருக்குள்ளே மெதுவாகப் போகிற பயணம் இல்லை இது. நான்கு வழிச் சாலையில் வேகமாகப் போகிற பயணம். குழந்தைக்குப் பாதுகாப்பு அதிகமாகத் தேவைப்படுகிற பயணத்தில்தான் நாம் அதை மடியில் வைத்துக்கொண்டு போகிறோம்.

“என் மடியை விடப் பாதுகாப்பான இடம் உண்டா?” என்று தாய்மார்கள் கேட்பது நியாயம்தான். அந்தப் பாசத்தில் குறையே இல்லை. கையில்தான் அந்த அளவு பலம் இல்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒன்றில் மோதி நின்றால், உள்ளே கட்டப்படாமல் இருப்பவருக்கு அது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அந்த நொடியில் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 200 கிலோவைத் தாங்குகிற பலம் வேண்டும். 25 கிலோ அரிசி மூட்டை எட்டு! எந்தத் தாயால், எந்தத் தகப்பனால் முடியும்? தாய் பெல்ட் போடவில்லை என்றால் அவருடைய எடையும் சேர்ந்து குழந்தை மேலேயே விழும். ஒரே பெல்ட்டுக்குள் தாயும் பிள்ளையும் உட்காருவதும் இதே ஆபத்துதான்.

“பின் சீட்டுதானே, ஒண்ணும் ஆகாது” என்பது இன்னொரு நம்பிக்கை. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிர மாநிலம் பால்கரில் நடந்த விபத்தை நினைத்துப் பாருங்கள். டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரியும் அவருடன் பின் இருக்கையில் இருந்த இன்னொருவரும் இறந்துபோனார்கள். இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று காவல் துறை தெரிவித்தது. முன் இருக்கையில் இருந்த இருவரும் பலத்த காயங்களோடு உயிர் பிழைத்தார்கள். விலை உயர்ந்த வண்டிதான், பின் சீட்டுதான். ஆனாலும் காப்பாற்றவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 194-பி பிரிவின்படி, 14 வயது நிறையாத பிள்ளையை பெல்ட்டோ குழந்தைப் பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். ஓட்டுபவர் மட்டும் இல்லை, ஓட்ட வைப்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் இதில் வருவார்கள். அதனால் “பார்ட்டி கேட்கலை சார்” என்று ஓட்டுநரோ, “டிரைவர் சொல்லலை சார்” என்று உரிமையாளரோ கையை விரிக்க முடியாது.

பெல்ட் போதும் என்றுதானே சட்டம் சொல்கிறது, தனி இருக்கை எதற்கு என்று கேட்கலாம். காரின் பெல்ட் பெரியவர்கள் உடம்புக்குச் செய்தது. சின்னப் பிள்ளைக்கு அது தோளில் நிற்காமல் கழுத்திலும், இடுப்பில் நிற்காமல் வயிற்றிலும் போய் அழுத்தும். அதற்காகத்தான் மூன்று விதமான இருக்கைகள். கைக்குழந்தைக்குக் காரின் பின்பக்கத்தைப் பார்த்த மாதிரி வைக்கும் இருக்கை. கழுத்து பலமில்லாத வயதில் தலையையும் முதுகையும் அது ஒன்றாகத் தாங்கும். குறைந்தது 15 மாதம் வரை அப்படித்தான் வைக்க வேண்டும். அதற்கு மேலும் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அடுத்து முன்பக்கம் பார்த்த இருக்கை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு, பெல்ட் சரியான இடத்தில் விழும்படி உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர். வயதை மட்டும் பார்க்காதீர்கள். எடை, உயரம் எல்லாம் இருக்கையிலேயே எழுதியிருக்கும். வாங்கும்போது ஏ.ஐ.எஸ். 072 அல்லது ஈ.சி.இ. தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது வாடகைக் காருக்கு வருவோம். வண்டி வந்து வாசலில் நின்ற பிறகு கேட்டால் நடக்காது. வண்டி பேசும்போதே, “ஒன்றரை வயசுப் பிள்ளை வருது, சீட் இருக்கா? இல்லேன்னா எங்க சீட்டை மாட்ட பின்னாடி பெல்ட் வேலை செய்யுதா?” என்று கேளுங்கள். பல வாடகைக் கார்களில் பின் பெல்ட் இருக்கும், ஆனால் அதன் பூட்டு சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். அண்ணாச்சிமார்களே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அதை வெளியே எடுத்து வையுங்கள். ஒரு பைசா செலவில்லை.

சாமான்களை ஏற்றும் முன்பே இருக்கையை மாட்டிவிடுங்கள். பின் சீட்டில் மூன்று புள்ளி பெல்ட் உள்ள ஓரத்து இடம் நல்லது. மாட்டிய பிறகு, பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள்; இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. குழந்தையின் தோள்பட்டையில் வாரை விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு அகப்படக் கூடாது. முன்பக்கம் ஏர்பேக் உள்ள இடத்தில், பின்பக்கம் பார்த்த இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள்; ஏர்பேக் வெடித்து விரிந்தால் அடி நேராகக் குழந்தையின் தலைக்குத்தான். நம்ம கந்தக பூமி வெயிலில் நின்ற வண்டி என்றால், உலோகக் கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார வையுங்கள்.

குழந்தை அழும். மறுக்கவில்லை. அழுதால் வண்டியை ஓரமாக, பத்திரமான இடத்தில் நிறுத்தி, எடுத்துப் பால் கொடுத்து, மறுபடி உட்கார வைத்துப் புறப்படுங்கள். ஓடுகிற வண்டியில் வாரை அவிழ்க்க வேண்டாம். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஓட்டுநர்கள் முகம் சுளிக்காமல் இருந்தாலே பெரிய உதவி.

ஓட்டுநர் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு இருக்கை வாங்குவது கஷ்டம்தான். ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு இருக்கை, பொதுவாக வாங்கி வைக்கலாமே? கேட்கிற பயணிக்கு எந்த வண்டி போகிறதோ அதில் மாட்டிக்கொள்ளலாம். “குழந்தை இருக்கை உண்டு” என்று ஒரு பலகை வைத்துப் பாருங்கள், குடும்பத்தோடு வருகிறவர்கள் உங்களைத்தான் தேடி வருவார்கள். ஒன்று மட்டும்: ஏற்கெனவே விபத்தில் சிக்கிய இருக்கையை வாங்காதீர்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம்.

பயணிகளும் மஞ்சள் பலகை வண்டியாகப் பார்த்து அமர்த்துங்கள். வண்டி எண்ணைக் கொடுத்தால் எம்-பரிவாகன் செயலியிலேயே தகுதிச் சான்றும் காப்பீடும் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வழியில் ஏதாவது நடந்தால் 108, தேசிய நெடுஞ்சாலையில் 1033. தமிழக எல்லைக்குள் விபத்தில் காயமடைந்தவர்களுக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சையை, பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் கட்டணமின்றித் தருகிறது. ஆனால் அது விபத்துக்குப் பிறகு. இருக்கை என்பது விபத்து நடக்கிற நொடியிலேயே வேலை செய்கிற பாதுகாப்பு.

அடுத்த முறை வண்டி பேசும்போது, வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் இருக்கை உண்டா என்று கேளுங்கள். நாலு பேர் கேட்க ஆரம்பித்தால் நாற்பது வண்டியில் வந்துவிடும்.