ஆய்வுக்கு எந்தக் களஞ்சியம்?

ஹட்டனைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, தன் பாட்டியார் கொழுந்து பறித்த தோட்டத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத முற்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கணினியின் முன் அமர்ந்து ‘தேயிலை’ என்று தேடுகிறாள். எண்ணற்ற தலைப்புகள் வந்து குவிகின்றன. செடியின் நோயும் உரத்தின் அளவும் அவற்றில் உண்டு. பாட்டியாரை மட்டும் காணோம்.

நெற்களஞ்சியத்தில் உப்பைத் தேடிப் பயனில்லை. தரவுத்தளங்களும் அத்தகையனவே. ஆதலின் முதற்கண் நம் வினா யாதெனத் தெளிதல் வேண்டும். வினா செடியைப் பற்றியதாயின், 1925இல் தோன்றி இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகளை நாடலாம். இலங்கை ஆய்விதழ்களுக்கு ‘ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஆன்லைன்’ என்னும் இணையத் தொகுப்பு உதவும். பிறநாட்டு ஆய்விதழ்களுக்கு ‘ஜேஸ்டோர்’ உண்டு. பல்கலைக்கழக நூலகத்தின் வாயிலாக அதனுட் புகுதல் எளிது. மக்களின் குரலைக் கேட்க விழைவோர், 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஏடுகளை மின்னுருவில் திரட்டிவரும் ‘நூலகம்’ தளத்தை முதலில் திறத்தல் நன்று. மலையக நூல்களும் இதழ்களும் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

களஞ்சியம் தெரிந்தபின் திறவுகோல் வேண்டுமன்றோ? தேடும் சொல்லே அத்திறவுகோல். ‘மலையகத் தமிழர்’ என இன்று நாம் பெருமிதத்தோடு வழங்கும் பெயரை இட்டால், பழைய ஆங்கில ஆவணங்கள் வாய்திறவா. 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பு இம்மக்களை ‘இந்தியத் தமிழர்’ எனத் தனியே வகுத்தது. துரைமார் ஏடுகள் ‘கூலிகள்’ என்றே குறித்தன. நெஞ்சம் ஒப்பாவிடினும், அச்சொற்களையும் ஆங்கிலத்தில் இட்டே தேட வேண்டியிருக்கிறது. கண்டதை எழுதும்போது நம் பெயரால் எழுதுவோம்.

இன்னொன்று: ஏட்டை எழுதியவர் யார் என்பதையும் வினவுதல் வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை ஆராய்வோர், சட்டத்தின் வாசகத்தோடு நின்றுவிடலாகாது. பாராளுமன்ற விவாதங்களைப் பதிந்த ஹன்சாட்டையும் அக்காலத் தமிழ் இதழ்களையும் ஒப்புநோக்கினாலன்றி, நாடற்றோர் ஆக்கப்பட்டவர்களின் துயர் விளங்காது. தோட்டத்துக் கணக்கேடு கொழுந்தின் நிறையைச் சொல்லும். பறித்தவளின் மனச்சுமையைச் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் எழுத்திலேதான் காணலாம்.

இவற்றையெல்லாம் தேடிய பின்னரும் சில இடங்கள் வெறுமையாய் நிற்கும். அவற்றை நிரப்ப வல்லவர்கள் லயத்து முதியோர். அவர்கள் சொல்வதை, நாளும் இடமும் குறித்து, அவர்தம் இசைவோடு எழுதிவையுங்கள். நாளை மற்றொரு மாணவி தேடும்போது, பாட்டியாரைக் காணோம் என்று அவள் திரும்ப வேண்டியிராது.