துஆவும் இரு கரங்களும்

 

2012 மார்ச் 17 அன்று இலண்டனில் நடைபெற்ற கால்பந்துப் போட்டியில், போல்ட்டன் அணியின் ஃபேப்ரிஸ் முவாம்பா திடலிலேயே சாய்ந்தார். வயது 23. காங்கோவிலிருந்து சிறுவயதில் இங்கிலாந்து வந்து சேர்ந்தவர். அவருடைய இதயம் நின்றுவிட்டிருந்தது. மருத்துவக் குழுவினர் அங்கேயே மார்பை அழுத்தலாயினர். ஆட்டம் காண வந்திருந்த இதயநோய் மருத்துவர் ஒருவரும் இருக்கையை விட்டு ஓடிவந்தார். இதயம் மீண்டும் துடிக்க 78 நிமிடங்கள் ஆயின.

அவர்கள் கிறிஸ்தவர்கள். சின்னஞ்சிறு மகனின் தாயாகிய அந்த இளம்பெண், உலகோரிடம் பிரார்த்தனையையே வேண்டி நின்றார். மார்க்கம் வேறாயினும், படைத்தவனிடம் கையேந்தும் அத்தவிப்பை நாம் அறியாதவர்களா?

ஆயினும் கவனியுங்கள். துஆ கேட்ட அவ்வேளையில் மருத்துவர்களின் கரங்கள் ஓய்ந்திருக்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததும் இதுவன்றோ! நம்மிலோ நடுநிசியில் நெஞ்சு வலித்தால் 'வாயு' என்று ஓமநீர் குடித்து, ஃபஜ்ர் வரை காத்திருப்போர் உண்டு. இதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

வலி வந்தவுடன் 108ஐ அழையுங்கள். ஒருவர் உணர்விழந்து, மூச்சும் நின்றால், நடுமார்பை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இதனைக் கற்பிக்க ஒரு மருத்துவரை அழைக்குமாறு நிர்வாகத்தினரைக் கேட்டுள்ளேன். வாலிபர்கள் பெயர் தாருங்கள். பெண்களுக்கும் தனியே ஏற்பாடு வேண்டும். இரவில் நோயாளியின் அருகிலிருப்போர் பெரும்பாலும் அவர்களே.