கொல்லைப்புறத்துப் பறவைகளும் வேனிற்காலமும்
(ஒரு கிராமக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குனி மாத அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



கடன் தவணையைப் பற்றியும் பங்குத் தொகையைப் பற்றியும் பேசுதற்கே நான் இவ்விடம் வருவது வழக்கம். இன்று பறவைகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று காரியதரிசி அறிவித்தவுடன், முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர் ஒருவர், "ஐயாவுக்கு வெயில் தலைக்கேறிவிட்டதோ?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கூறியது என் செவியில் விழுந்தது. அவர்மீது எனக்கு வருத்தமில்லை. பங்குனி வெயில் அப்படிப்பட்டதே. எனினும் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது விஷயமாக, சங்கக் கிடங்கின் பின்புறத்திலுள்ள வேப்பமரத்தை ஏலத்தில் விற்று அவ்விடத்தில் கிடங்கை விஸ்தரிப்பது என்று கண்டிருக்கிறது. அவ்விஷயம் வருமுன், அம்மரத்தில் குடியிருப்போர் யாவர் என்பதைச் சபையோருக்குத் தெரிவிப்பது என் கடமை என்று கருதுகிறேன். கட்டடத்தை விற்குமுன் அதில் குடியிருப்பவன் உண்டா என்று விசாரிக்கிறோமல்லவா?

கணக்குப் பார்க்கும் பொருட்டு மூன்று நாட்களாக இவ்வூரில் தங்கியிருக்கிறேன். விடியுமுன் எழுந்து கிடங்கின் பின்திண்ணையில் உட்காருவது வழக்கம். இன்னும் இருள் பிரியாதபோதே முதலிற் குரல் கொடுப்பது கரிச்சான். சிலர் இதனை இரட்டைவால் குருவி என்பர். மாட்டின் முதுகில் ஏறிச் சவாரி செய்வதை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். உடல் முழுவதும் கருமை. வால் நீண்டு இரண்டாகப் பிளந்திருக்கும். வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி, ஈசல் ஆகியவையே இதன் ஆகாரம். உருவிற் சிறியதாயினும், கூடு கட்டிய காலத்தில் காகத்தையும் பருந்தையும் துரத்திக் கொத்தும். அதனாலேயே புறா, மாங்குயில் முதலிய சாதுப் பறவைகள் கரிச்சான் கூடுள்ள மரத்தையே தேடி வந்து தாமும் கூடு கட்டுகின்றன. வடநாட்டார் இதற்குக் கொத்தவால் என்று பெயரிட்டது பொருத்தமே.

கரிச்சானுக்குப் பின் காகம். காகத்துக்குப் பின் குயில். குயிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நாம் அனைவரும் குரலைக் கேட்டிருக்கிறோம். பறவையைப் பார்த்தவர் சிலரே. பாடுவது பெண்குயில் என்றே பலரும் எண்ணியிருக்கிறோம். உண்மையில் அடிக்கு அடி உயர்ந்துகொண்டே போகும் அந்தக் கூவல் ஆணினுடையது. அது கருநிறம், கண் சிவப்பு. பெண் பழுப்பு நிறம்; மேனியெங்கும் வெண்புள்ளிகள். அதற்குக் "கிக், கிக்" என்ற சப்தமே உண்டு. குயில் கூடு கட்டுவதில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. ஆண்குயில் கூட்டின் எதிரே வந்து கூவிக் காகங்களை வம்புக்கிழுக்கும். அவை அதைத் துரத்திச் செல்லும் சமயம் பார்த்துப் பெண் உள்ளே நுழைந்து தன் காரியத்தை முடித்துக்கொள்ளும். காகத்தின் முட்டை பொரிய 16 அல்லது 17 நாள் ஆகும். குயிலின் முட்டைக்கு 12 முதல் 14 நாளே போதும். ஆகவே பிறர் வீட்டுக் குழந்தை முந்திப் பிறந்து, முந்தி வாய் திறந்து, முந்தி உண்கிறது. ஜாமீனும் கொடாமல், பங்கும் வாங்காமல், பிறர் பெயரில் கடன் பெற்றுத் தவணை தவறும் ஒரு சிலரை நான் என் உத்தியோகத்தில் கண்டிருக்கிறேன். அவர்களுள் ஒருவருக்கேனும் குயிலைப் போன்ற குரல் இருந்ததில்லை.

குயிலைத் திட்டுவதற்கு மனம் வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். காகக் கூட்டமும் இதனால் அழிந்துவிடவில்லை.

இளவேனிலைப் பற்றி ஒரு விஷயம். குளிர்நாடுகளில் வசந்தம் என்றால் பறவைகள் திரும்பி வருங்காலம். நமக்கோ அது பாதி வருகை, பாதி விடைபெறுதல். புரட்டாசி, ஐப்பசியில் நம் கொல்லைக்கு வந்த விருந்தினர் பலர் இப்பொழுது மூட்டை கட்டுகிறார்கள். ஆறுமணிக்குருவி என்று ஒன்றுண்டு. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வர். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று பல வர்ணங்கள் கொண்ட குட்டைவால் பறவை அது. செடிகளின் அடியில் சருகைப் புரட்டிப் புழு தேடும். காலை ஆறு மணி சுமாருக்கும் மாலை ஆறு மணி சுமாருக்கும் விசில் அடிப்பது போலக் கூவும். மத்திய இந்தியாவிலும் இமயமலையின் அடிவாரத்திலும் மழை தொடங்கும் காலத்தில் குஞ்சு பொரிக்க, இது சித்திரையில் வடக்கே போய்விடும். கம்பத்துக்குக் கம்பம் கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலானும், கிணற்றடியில் வாலை ஆட்டி ஆட்டி ஓடும் வாலாட்டிக்குருவியும் அவ்வாறே. முருக்கமரம் பூத்தால் கூட்டங்கூட்டமாய் இறங்கும் சோளப்பட்சிகள், மத்திய ஆசியாவின் புல்வெளிகளுக்குப் பறந்து, அங்கே வெட்டுக்கிளிகளைத் தின்று குஞ்சுகளை வளர்க்கும். சோளக் கதிரில் அவை செய்யும் நஷ்டத்தை நான் மறுக்கவில்லை. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பறவைகளின் காலில் எண்ணிட்ட வளையம் பூட்டி இத்தகைய பிரயாணங்களை ஆராய்ந்து வந்திருக்கின்றனர். அச்சங்கம் 1883ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 1941ஆம் ஆண்டில் இந்தியப் பறவைகளைப் பற்றி ஆங்கிலத்தில் நூலெழுதிய ஸாலிம் அலி அதிற் பல்லாண்டு உழைத்தவர்.

போகிறவர் போக, இங்கேயே இருப்பவர் குடும்பம் நடத்தத் தொடங்கும் காலமும் இதுவே. தேன்சிட்டு, சிலந்தி நூலாலும் பட்டைத் துணுக்காலும் பை போன்ற கூட்டைத் தாழ்வாரத்துக் கொடிக்கம்பியிலேயே தொங்கவிடும். தையற்சிட்டு அகன்ற இலையின் ஓரங்களைப் பஞ்சிழையால் தைக்கும். மைனா மரப்பொந்திலோ சுவரோட்டையிலோ நீல முட்டையிடும். இவற்றில் ஒரு செய்தி விவசாயிகளாகிய நமக்கு முக்கியமானது. தேன் குடிக்கும் சிட்டாயினும், தானியம் தின்னும் அடைக்கலக் குருவியாயினும், குஞ்சுகளுக்கு ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியுமே. குஞ்சுள்ள கூட்டுக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை தாய் வருகிறதென்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அலகில் ஏதோ ஒரு புழு நெளியும். நம் சங்கத்திலேயே விற்கும் பூச்சிமருந்தை அளவுக்கு மிஞ்சி அடித்தால், அந்தக் குஞ்சுகளுக்கு இரையும் இராது, கிடைக்கும் இரையும் விஷமாயிருக்கும். மருந்து விற்பனைக் கணக்கைச் சரிபார்ப்பவன் இவ்வாறு பேசலாமா என்று கேட்பீர்கள். அளவோடு அடித்தால் சங்கத்துக்கு நஷ்டம் கொஞ்சம். உங்களுக்கு லாபம் அதிகம்.

அடைக்கலக் குருவி செல்பேசிக் கோபுரத்தால் ஒழிந்துவிட்டதென்று சென்ற முறை இங்கே ஒருவர் கூறினார். அதற்குத் தக்க சான்று இல்லை. 2020ஆம் ஆண்டில் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையில், நாடு முழுவதும் பார்க்கையில் அக்குருவி ஏறக்குறைய நிலையாகவே உள்ளதென்றும், பெரிய நகரங்களில் குறைந்திருக்கிறதென்றும் கண்டிருக்கிறது. ஓட்டுக்கூரையின் சந்து போய், நான்கு பக்கமும் மூடிய கான்கிரீட்டு வீடு வந்தால், அது எங்கே கூடு வைக்கும்?

இனி, சொல்லக் கூசும் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு சங்கத்தில் இதேபோன்றதொரு தீர்மானம் வந்தது. அங்கே இருந்தது பழைய புளியமரம். ஏலத்தால் நிதி பெருகுமென்று பரிந்துரை எழுதியவன் நானே. சித்திரையில் வெட்டினார்கள், நானும் போயிருந்தேன். அடிமரத்துப் பொந்தினுள்ளிருந்து "புஸ்" என்று சீறும் சப்தம் கேட்டது. பாம்பு என்று அஞ்சி, வெட்டுவோர் வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டனர். பிறகு மரம் சாய்ந்தபோது பொந்திலிருந்து உருண்டவை பாம்புகளல்ல, வெண்கூகையின் குஞ்சுகள். கூகைக் குஞ்சு அஞ்சினால் பாம்பு போலவே சீறும் என்பதை நான் அப்பொழுது அறியேன். பொந்தின் அடியில் உருண்டை உருண்டையாகக் கக்கிய மயிரும் எலும்பும் கிடந்தன. அவற்றைக் குச்சியாற் கிளறினேன். ஒன்று விடாமல் எலியின் மண்டையோடுகளும் பற்களும்! கூகை எலியை முழுதாக விழுங்கி, சீரணியாததைப் பின்னர்க் கக்கிவிடும். அந்த உருண்டைகளே அந்தச் சங்கத்துக்கு அது ஆண்டுக்கணக்காகச் செய்துவந்த ஊழியத்தின் ரசீது.

அடுத்த ஆண்டுத் தணிக்கையில் அந்தக் கிடங்கில் விதை மூட்டைகள் பலவற்றில் எலிக்கடி கண்டேன். மரம் போனதனாலேயே இது நேர்ந்தது என்று சாட்சி கூற என்னால் இயலாது. எலிக்குப் பல காரணம் உண்டு. ஆயினும் நஷ்டப் பதிவேட்டில் கையெழுத்திடும்போது என் கை தயங்கியது. சிலர் கூகையை அபசகுனம் என்று கல்லெறிகிறார்கள். தஞ்சைப் பக்கத்து விவசாயிகளோ, இரவில் ஆந்தையும் கூகையும் உட்கார்ந்து எலி பிடிக்கும் பொருட்டு வயலில் கோல் நட்டுவைப்பார்கள். எலி பிடிக்க அவர்களுக்குக் கூலி மிச்சம். சிலவகை எலிப்பாஷாணங்களைத் தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகும். ஆகையால் கிடங்கில் பாஷாணம் வைக்குமுன் யோசித்துச் செய்யுங்கள்.

ஊரார் ஒன்றுகூடினால் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம். 2020ஆம் ஆண்டில் சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி என்னும் கிராமத்தில், தெருவிளக்குகளின் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. சுவிட்சைப் போட்டால் கூடு கலையும். குஞ்சுகள் பறந்து போகும் வரை ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கே ஏற்றாமல் அவ்வூரார் இருட்டில் நடந்தனர். இதற்கு மறுப்புத் தெரிவித்தவர் அங்கேயும் இருந்திருப்பார்கள். எந்த ஊரில் இல்லை? ஆயினும் பேசி ஒத்துக்கொண்டார்கள். அந்த ஊர்க் கூட்டத்தில் ஒரு மூலையில் உட்கார எனக்கு இடம் கிடைத்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும்.

பறவை பார்ப்பதற்குப் பணச்செலவு இல்லை. தூரதிருஷ்டிக் கண்ணாடி இருந்தால் நலம். இல்லாவிட்டாலும் கொல்லைப் பறவைக்குக் கண்ணே போதும். பையன்களின் பழைய நோட்டுப் புஸ்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை, என்ன செய்தது — இவ்வளவுதான் கலங்கள். சங்கத்துச் சிட்டாவைக் காட்டிலும் இது சுலபம். தப்பெழுதினாலும் நான் விளக்கம் கேட்கமாட்டேன். உலகெங்கும் பிப்ரவரி மாதத்தில் நான்கு நாள் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு ஒன்று நடக்கிறது. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கியது அது. ஓரிடத்தில் 15 நிமிஷமாவது இருந்து கண்டதை எண்ணி அனுப்ப வேண்டும் என்பதே அதன் விதி. நம் நாட்டிலும் ஏராளமானோர் அதில் சேருகிறார்கள்; நம் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களிலும் அவ்வாறு எண்ணுகிறார்கள். செல்பேசி வைத்திருக்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்கலாம். குயில் முதன்முதல் கூவிய நாளையும், ஆறுமணிக்குருவி கடைசியாகக் கூவிய நாளையும் ஆண்டுதோறும் குறித்து வைத்தால், பத்து ஆண்டில் இவ்வூருக்கென்று ஒரு பஞ்சாங்கம் ஏற்பட்டுவிடும்.

இப்பொழுது ஐந்தாவது விஷயம். கிடங்கு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. சென்ற அறுவடையில் நெல் மூட்டை வெளியில் நனைந்ததை நான் அறிவேன். என் யோசனை யாதெனில், மரத்தை வெட்டுவதை ஆவணி வரை ஒத்தி வைக்கலாம் என்பதே. அதற்குள் கூடுகள் பெரும்பாலும் காலியாகும். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும்; அந்தக் கொட்டையைப் பொறுக்கி விற்கும் தாய்மார்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு பருவ வரும்படி மிஞ்சும். கட்டட மதிப்பீடு மேலிடத்துக்குப் போய் அனுமதியோடு திரும்புவதற்கு எப்படியும் ஆவணியாகும் என்பதை இலாகாவில் இருப்பவன் என்ற முறையில் ரகசியமாக உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன். மேலும், கிழக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்தும் காலியிடத்தை நேற்று மாலை காரியதரிசியும் நானும் அளந்தோம். சுவரை ஒட்டி அங்கே நீட்டினால், மரத்தைத் தொடாமலே வேண்டிய இடம் கிடைக்கும்போல் தோன்றுகிறது. கொத்தனார் வந்து பார்த்துச் சொல்லட்டும். முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்களே; எனக்கு இதில் வாக்கு இல்லை.

ஓட்டெடுக்குமுன், விருப்பமுள்ளவர்கள் கிடங்கின் பின்படியில் ஏறி ஒருமுறை பார்த்து வரலாம். வடக்குக் கிளையின் கவட்டில் காகம் கூடு கட்டிக்கொண்டிருக்கிறது, பாதி முடிந்துவிட்டது. சுள்ளிகளுக்கு நடுவே பளபளவென்று தெரிபவை நம் கிடங்கிலிருந்து எடுத்துப்போன கம்பித் துண்டுகள். அவற்றை இருப்புக் கணக்கில் நான் கேட்கப்போவதில்லை. பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில், இலை மறைவில், புள்ளி போட்ட பழுப்புப் பறவை ஒன்று இரண்டு நாளாக அசையாமல் அந்தக் கூட்டையே நோக்கி உட்கார்ந்திருக்கிறது. ஏறுகிறவர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறுங்கள். காகம் நேற்று என்னை இருமுறை கொத்திவிட்டது.