பெருங்கடைகளின் போராட்டம்

புடவை வாங்கப் போகிறவர் ஒரு கடையிற் கண்ட புடவையையே அடுத்த கடையிலும் காண்பது அரிது. தொலைக்காட்சிப் பெட்டி வாங்கப் போகிறவரின் நிலை வேறு. ஒரே தொழிற்சாலையில், ஒரே இலக்கம் பொறித்து வெளிவந்த பெட்டியே எல்லாக் கடைகளிலும் இருக்கும். பண்டம் ஒன்றாகிவிட்டால் விலையே போட்டிக் களமாகிறது. மின்சாதனப் பெருங்கடைகளின் இன்னல்களுக்கு இதுவே தோற்றுவாய். ஐக்கிய அமெரிக்காவில் இரு கம்பனிகள் கண்ட வாழ்வும் தாழ்வும் இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

1949ஆம் ஆண்டிலே, வேர்ஜீனியா மாநிலத்து றிச்மன்ட் நகரில், சாமுவேல் வேர்ட்செல் என்பவர் தொலைக்காட்சிப் பெட்டி விற்கும் கடையொன்றைத் திறந்தார். அதுவே பிற்காலத்தில் 'சேர்க்கிற் சிற்றி' என்னும் பெயருடன் நாடெங்கும் கிளை பரப்பியது. விற்ற தொகைக்கேற்பத் தரகு பெறும் விற்பனையாளர் அதன் தூண்களாக விளங்கினர். எந்தக் கருவி எவருக்குப் பொருந்தும் என எடுத்துரைப்பதே அவர்களின் தொழில்.

1966இல் மினசோட்டா மாநிலத்தில் றிச்சட் ஷூல்சி தொடங்கிய ஒலிச்சாதனக் கடை, 1983இல் 'பெஸ்ற் பை' எனப் பெயர் மாற்றம் பெற்றது. அது தரகு முறையைக் கைவிட்டது. பண்டங்களைக் கூடத்தில் அடுக்கிவைத்து, வேண்டியதைத் தாமே எடுத்துச் செல்லுமாறு மக்களை விட்டது. செலவு குறைந்தது, விலையும் குறைந்தது. வோல்மாட் போன்ற பல்பொருள் அங்காடிகளும் இதே பண்டங்களை விற்கத் தொடங்கவே, போட்டி மேலும் கடுமையாயிற்று.

அதன்பின் வந்தது இணைய வணிகம். அமேசன் போன்றவற்றுக்கு வீதிதோறும் கடை வாடகை இல்லை. மேலும், 1992ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றின்படி, தனக்குக் கடையோ ஆளோ இல்லாத மாநிலத்தில் விற்பனை வரி அறவிடும் கடமை ஒரு வணிகருக்கு இருக்கவில்லை. அத்தீர்ப்பு 2018இலேயே மாற்றப்பட்டது. ஆகவே மக்கள் கடைக்கு வந்து பெட்டியைப் பார்த்து, விளக்கங் கேட்டு, வீடு திரும்பி வேறிடத்தில் வாங்கலாயினர். கடை, காட்சிச்சாலையாயிற்று, செலவு கடைக்காரருக்கு, வரவு மற்றவருக்கு.

இந்த நெருக்கடியில் சேர்க்கிற் சிற்றி என்ன செய்தது? 2000ஆம் ஆண்டில் குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் முதலிய பெரும் பண்டங்களின் விற்பனையைக் கைவிட்டது. 2003இல் தரகு முறையை ஒழித்தது. 2007 மார்ச்சு மாதத்தில், கூடிய சம்பளம் பெற்ற ஊழியர் ஏறத்தாழ 3,400 பேரை நீக்கி, அவ்விடங்களுக்குக் குறைந்த சம்பளத்தில் ஆள் தேடியது. இலாபத்தை நாடி முதலுக்கே மோசந் தேடிய செயல் இது. அனுபவமுள்ளோர் போனபின், வாசல் வந்தவருக்கு அக்கடையில் கிடைக்க, விலைச்சீட்டைத் தவிர வேறென்ன எஞ்சியது? மறு ஆண்டின் நிதி நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 2008 நவம்பரில் கம்பனி வங்குரோத்து மனுச் செய்தது. 2009 மார்ச்சில், எஞ்சியிருந்த 567 கடைகளும் மூடப்பட்டு முடிந்தன. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர்.

அடுத்து வீழ்வது பெஸ்ற் பைதான் எனப் பலரும் எண்ணினர். 2012இல் அதன் தலைமையை ஏற்ற பிரான்சு நாட்டவரான ஊபெர் ஜோலி, முதலிற் சென்ற் கிளவுட் என்னும் ஊரிலுள்ள கடையொன்றில், ஊழியரின் நீலச் சட்டையணிந்து சில நாட்களைக் கழித்தார். பின்னர், இணைய வணிகர் கூறும் விலைக்கே தாமும் விற்பதாக அறிவித்தார். கடைகளையே பண்டசாலைகளாக்கி, அங்கிருந்து வீடுகளுக்குப் பண்டம் அனுப்பினார். உற்பத்தியாளர் தம் பொருள்களைக் காட்சிக்கு வைக்கக் கடைக்குள்ளேயே இடமளித்தார். குறைக்கப்பட்டிருந்த ஊழியர் கழிவை மீண்டும் வழங்கினார். அவரும் செலவைக் குறைத்தவரே. ஆயினும் வாடிக்கையாளர் முன் நின்று விளக்கும் கையை அவர் வெட்டவில்லை. பாரமெனக் கருதப்பட்ட கட்டடமும் ஆளுமே பலமாயின.

போராட்டம் அத்துடன் ஓயவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் உயர்ந்த விற்பனை, அதன்பின் சில ஆண்டுகள் தளர்ந்தது. விலையிலே தோற்ற கடை, மறுநாள் விலையைக் குறைத்து மீண்டெழலாம். அறிந்து சொல்லும் ஊழியரை இழந்த கடைக்கோ, அந்த மறுநாள் எளிதில் வாய்ப்பதில்லை.