ரோடு ஏறுது, வீடு இறங்குது

(தென்சென்னையில் நடந்த பகுதி ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத நண்பர்களுக்காக இங்கே பகிர்கிறோம்.)



மேடைக்குக் கீழே நின்னுட்டு இருந்தப்போ ஒரு அம்மா வந்து கேட்டாங்க. "தம்பி, நீங்கதான் பேசப் போறீங்களா? தண்ணி லாரி எப்போ வரும்னு மைக்குலயே கேட்டுடுங்க." நான் சிரிச்சேன். அவங்க சிரிக்கலை. பதிவு பண்ணிட்டு மூணு நாளா காத்திருக்காங்களாம். அதனால எழுதி எடுத்துட்டு வந்த பேச்சை மடிச்சு சட்டைப்பையில வச்சுட்டேன். இன்னைக்குக் கொள்கை விளக்கம் கிடையாது. நம்ம ஊர்க்காரங்க தினமும் புலம்புற சங்கதிகளை மட்டும் பேசுவோம்.

சென்னைக்காரன் மாதிரி சொந்த ஊரைத் திட்டுறவன் கிடையாது. டீக்கடையில திட்டுவான், ஷேர் ஆட்டோவுல திட்டுவான். அதையே வெளியூர்க்காரர் ஒருத்தர் சொல்லிட்டா சண்டைக்கும் வருவான். திட்டட்டும், தப்பில்லை. ஆனா திட்டி முடிச்சுட்டு கிளாஸைக் கழுவ வச்சுட்டுக் கிளம்பிடுறோம் பாருங்க, அங்கதான் எனக்கு வருத்தம்.

என் தெருவையே எடுத்துக்குங்க. நாங்க அந்த வீட்டுக்குக் குடிவந்தப்போ தெருவுல இருந்து வாசலுக்கு மூணு படி ஏறணும். இப்போ ஒரு படி இறங்கணும். வீடு எங்கேயும் போகலை, அதே இடத்துலதான் நிக்குது. ரோடுதான் வளர்ந்துடுச்சு. ஒவ்வொரு தடவையும் பழைய தாரை அப்படியே விட்டுட்டு, அதுக்கு மேல புதுத் தாரை ஊத்திட்டுப் போயிடுறாங்க. தோசைக்கு மேல தோசை அடுக்குற மாதிரி.

முறை என்ன? பழைய தாரைச் சுரண்டி எடுக்கணும். எவ்வளவு உயரம் எடுத்தோமோ அவ்வளவு உயரத்துக்குத்தான் புதுசு போடணும். இதுக்கு மில்லிங்னு பேரு. இது நானா கண்டுபிடிச்ச கோரிக்கை இல்லை. 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அவர்களே, பழைய சாலையைச் சுரண்டாமல் புதிய சாலை போடக்கூடாதுன்னு அதிகாரிகளுக்கு எழுதினார். பேப்பர்ல எல்லாம் வந்தது. அதுக்கு முன்னாடி அந்த விதி தெரியாதா? தெரியும். சுரண்டுறதுக்குத் தனியா மெஷின் வேணும், சுரண்டினதை அள்ளிட்டுப் போக வண்டி வேணும், ஒரு ராத்திரி வேலை ரெண்டு ராத்திரி ஆகும். மேலயே ஊத்திட்டா விடியறதுக்குள்ள பில்லு ரெடி.

இதோட விலையை யார் கொடுக்குறாங்கன்னு பாருங்க. மழை பெய்ஞ்சா தெருத்தண்ணி வாசலுக்குள்ள வருது. முதல்ல வாசல்ல ஒரு திண்டு கட்டுறோம். அடுத்த மழைக்கு அது பத்தலை, போர்டிகோவை உயர்த்துறோம். கடைசியில என்ன பண்றாங்க தெரியுமா? வீட்டுக்கு அடியில நூத்துக்கணக்குல ஜாக்கி வச்சு, மொத்த வீட்டையும் தூக்குறாங்க. லாரி டயர் மாத்த வைக்கிற ஜாக்கி மாதிரி! சென்னையில இது இப்போ ஒரு தனித் தொழில். வேற ஊர்ல சொன்னா நம்ப மாட்டாங்க. ரிட்டயர் ஆன காசுல, பொண்ணு கல்யாணத்துக்கு வச்சிருந்த காசுல வீட்டைத் தூக்குறாங்க. அதுக்கும் வழியில்லாதவங்க தரைத்தளத்தைப் பூட்டிட்டு மாடிக்குப் போறாங்க. மாடியும் இல்லாதவங்க, வாடகைக்கு இருக்கிறவங்க, ஒவ்வொரு நவம்பரும் கட்டிலுக்கு அடியில செங்கல் வைக்கிறாங்க. ரோடு போட்ட கணக்கு அரசாங்கத்து ஏட்டுல இருக்கு. இந்தச் செங்கல் கணக்கு எந்த ஏட்டுலயும் இல்லை.

சரி, தண்ணிக்கு வருவோம். அந்த அம்மா முறைக்கிறாங்க.

2015 டிசம்பர்ல இந்த ஊர் முங்கிப் போச்சு. படகுல பால் பாக்கெட் கொண்டுவந்ததை நீங்களே பார்த்தீங்க. நாலே வருஷம், 2019 கோடையில பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு போச்சு. ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு. முழுக விட்டதும் இதே ஊர், காய விட்டதும் இதே ஊர். சராசரியா வருஷத்துக்கு 1400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யுற ஊர்ல குடத்தைத் தூக்கிட்டு அலையுறோம்னா, குறை வானத்துல இல்லைங்க. அதுல பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டித் தீர்த்துடும். அந்தத் தண்ணியைப் பிடிச்சு வைக்கிற பள்ளம் பள்ளிக்கரணை. அதைக் குப்பை கொட்டியும் கட்டடம் கட்டியும் மேடாக்கியாச்சு. 2022-ல் மிச்சமிருக்கிற சதுப்பு நிலத்துக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைச்சது, சந்தோஷம். அடுத்த வருஷமே மிக்ஜாம் புயல்ல வேளச்சேரி, பெரும்பாக்கம், முடிச்சூர் என்ன ஆச்சுன்னு இங்க உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், நம்ம பக்கத்துக்கே உரியது. 2011-ல் 42 உள்ளாட்சிகளை மாநகராட்சியோட சேர்த்தாங்க. 174 சதுர கிலோமீட்டர் ஊர் ஒரே மூச்சுல 426 ஆச்சு. நம்ம வீட்டு முகவரியில "சென்னை"ன்னு வந்தப்போ பெருமையாத்தான் இருந்துச்சு. வரியும் சென்னை வரி ஆச்சு. 2022-ல் சொத்து வரியை ஏத்தினப்போ அதையும் கட்டினோம். ஆனா பாதாளச் சாக்கடை? பல தெருக்களுக்கு இன்னும் வரலை. குழாய்த் தண்ணி வராத அடுக்குமாடி எத்தனை! உள்ளே வர்ற தண்ணிக்கு ஒரு லாரி, வெளியே போற கழிவுக்கு ஒரு லாரி. ரெண்டுக்கும் காசு நம்மளோடது. வரி தனி.

இதுல ஒண்ணையும் சேர்த்துச் சொல்லணும். நாம தென்சென்னையில லாரியைப் பத்திப் புலம்புறோம். கொடுங்கையூர்ல குப்பைமேட்டுப் பக்கத்துல இருக்கிறவங்க மூச்சைப் பத்திப் புலம்புறாங்க. எண்ணூர்ல 2023 டிசம்பர் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து வந்து மீன்பிடி வலையே கறுத்துப் போச்சு. ஒரே ஊர்தான், ஆனா ஒரே புலம்பல் இல்லை.

இதை யார்கிட்ட போய்ச் சொல்றது? தெரு மாநகராட்சி. குடிதண்ணியும் சாக்கடையும் குடிநீர் வாரியம். பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறை. ஏரி நீர்வளத் துறை. சதுப்பு நிலம் வனத்துறை. கம்பம் மின்வாரியம். புது ரோட்டை நோண்டிட்டுப் போனது யாருன்னு கேட்டா எல்லாரும் அடுத்தவரைக் கை காட்டுவாங்க. நம்ம கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டோம், ஆனா தண்ணிக் குழாய் அவர் கையில இல்லை. அரசியல் சட்டத்துல 74-வது திருத்தம் வந்து முப்பது வருஷம் தாண்டியாச்சு. பன்னிரண்டாவது அட்டவணையில நகராட்சிக்குக் கொடுக்கலாம்னு 18 வேலைகளைப் பட்டியல் போட்டாங்க, அதுல குடிநீரும் இருக்கு. பட்டியல் இருக்கு, அதிகாரம் வரலை. அதைக் கேட்கிறது நம்ம கட்சியோட வேலை. எந்த ஆட்சியா இருந்தாலும் கேட்கணும்.

இன்னொண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. 2016 அக்டோபர்ல இருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரைக்கும் சென்னைக்குக் கவுன்சிலரே கிடையாது. 2019-ல் தண்ணிக்கு அலைஞ்சப்போ கதவைத் தட்டிக் கேட்க ஒரு மக்கள் பிரதிநிதி வார்டுல இல்லை. அவ்வளவு பெரிய அக்கிரமத்துக்கு நாம எத்தனை கூட்டம் போட்டோம்? விரல் விட்டு எண்ணிடலாம். நம்ம மேலயும் தப்பு இருக்கு.

தப்புன்னு வந்த பிறகு இதையும் சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்க. இந்தக் கூட்டத்துக்கு நடைபாதையில குழி தோண்டி பேனர் கட்டியிருக்கோம். வர்ற வழியில பார்த்தேன். 2019-ல் இதே பள்ளிக்கரணையில பேனர் விழுந்து, ஸ்கூட்டர்ல போன ஒரு பொண்ணு லாரியில சிக்கி உயிர் விட்டுச்சு. எந்தக் கட்சி பேனர்னு விவாதம் பண்ணினோம். அந்த வீட்டுக்கு அதனால என்ன? கூட்டம் முடிஞ்சதும் இளைஞரணித் தம்பிங்க அதை அவிழ்த்து, குழியை மூடிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். நானும் நிப்பேன். மழைநீர் வடிகால்ல கழிவுநீர்க் குழாயைத் திருட்டுத்தனமா சேர்த்துவிட்டவங்க நம்ம கூட்டத்துலயும் இருப்பாங்க. அவங்களுக்கே தெரியும்.

இப்போ வேலைக்கு வருவோம். புகார் எண்ணுக்குப் போன் போடுறோம். ரெண்டு நாள்ல "உங்கள் புகார் முடிக்கப்பட்டது"ன்னு மெசேஜ் வருது. வெளியே வந்து பார்த்தா பள்ளம் அப்படியே இருக்கு. ஒத்தை ஆளோட புகார்னா அப்படித்தான் முடிப்பாங்க. கிராமத்துல கிராம சபை இருக்கிற மாதிரி நகரத்துல பகுதி சபை இருக்கு. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்னைக்கு முதல் தடவையா கூட்டினாங்க. அந்தப் பகுதி வாக்காளர் எல்லாரும் அதுல உறுப்பினர். இங்க எத்தனை பேர் போயிருக்கீங்க? கை தூக்குங்க பார்ப்போம். நாலு. அஞ்சு. பாருங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு ஒவ்வொரு தெருவுலயும் ரெண்டு பேர் டேப் எடுத்துட்டு வாங்க. வாசல் மட்டத்துக்கும் ரோடு மட்டத்துக்கும் எத்தனை இன்ச்னு அளந்து, வீட்டு எண்ணோட நோட்டுல எழுதுங்க. நம்ம கட்சிக்காரங்க வீடு மட்டும் இல்லை, எல்லா வீடும். அதோட, கடைசியா ரோடு போட்ட வேலைக்கான மதிப்பீட்டு நகல் கேட்டு தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள்ல பதில் தரணும். அந்த மதிப்பீட்டுல சுரண்டுறதுக்குக் காசு ஒதுக்கியிருக்கா இல்லையான்னு பாருங்க. ஒதுக்கியிருந்து சுரண்டலைன்னா அது ஒரு கேள்வி. ஒதுக்கவே இல்லைன்னா அது வேற கேள்வி. ரெண்டையும் பகுதி சபையில வச்சு, தீர்மானமா எழுத வச்சு, நகல் வாங்கிட்டு வரணும். நோட்டு வாங்குற செலவு கிளையோடது.

தண்ணி லாரிக்குத் தனி நோட்டு. பதிவு பண்ணின தேதி, வந்த தேதி, கொடுத்த காசு. முதல் வரியில அந்த அம்மாவோட மூணு நாளை எழுதிக்குங்க. அம்மா, கூட்டம் முடிஞ்சதும் போயிடாதீங்க, பதிவு எண்ணைக் கொடுங்க. நாளைக்குக் காலையில நானும் வட்டச் செயலாளரும் உங்ககூட அலுவலகத்துக்கு வர்றோம்.