திரையிலே வளர்ந்த பிள்ளை



வளர்ந்த நடிகர் ஒருவர் மேடையிலே அழும்போது அவருடைய திறமையை மெச்சிக்கொண்டே நாமும் கண்கலங்குகிறோம். ஒரு குழந்தை அழும்போதோ திறமை என்னும் எண்ணமே நமக்கு எழுவதில்லை. அது மெய்யாகவே அழுகின்றது என்று கொள்கிறோம். அவ்வழுகை எங்கிருந்து வந்தது, யார் அதனை வருவித்தார், எதைச் சொல்லி வருவித்தார் என்று கேட்பார் அரியர். நடிப்பிலே வளர்ந்த ஒரு பிள்ளையின் வரலாற்றைக் கொண்டு இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஜாக்கி கூகன் 1914 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பிறந்தவன். தாயும் தந்தையும் மேடைக் கலைஞர். தந்தையின் ஆட்டத்தினிடையே ஓடிவந்து நாலடி ஆடிக்காட்டிச் சபையை மகிழ்வித்த நான்கு வயதுப் பாலகனைச் சார்ளி சாப்ளின் ஒருநாட் கண்டார். அச்சந்திப்பின் பயனே 1921 இல் வெளிவந்த 'த கிட்' என்னும் மௌனப்படம். கைவிடப்பட்ட குழந்தையொன்றை ஏழை நாடோடி ஒருவன் எடுத்து வளர்க்கின்றான். பிள்ளை தெருத்தெருவாகச் சென்று சன்னற் கண்ணாடிகளைக் கல்லெறிந்து உடைப்பான். பின்னாலே புதுக்கண்ணாடியைச் சுமந்துகொண்டு வளர்ப்புத் தந்தை வருவான். அக்குறும்பைக் கண்டு சிரிக்காதவர் இரார். ஆனால், அனாதை விடுதி அதிகாரிகள் வந்து பிள்ளையைப் பற்றியிழுத்து வண்டியிலேற்றும் கட்டத்தில், அவன் கைகளை நீட்டி அழும் அழுகை நூறாண்டு கடந்தும் பார்ப்பவர் நெஞ்சை விட்டகலாதது.

அக்காட்சியைப் படம்பிடித்த வரலாற்றைச் சாப்ளின் தமது சுயசரிதையிலே எழுதியுள்ளார். அன்று பையன் விளையாட்டுக் குணத்தோடு இருந்தான். எத்தனை சொல்லியும் கண்ணீர் வரவில்லை. தாம் அழவைப்பதாகத் தந்தை முன்வந்தார். பிள்ளையை வெருட்டவோ வருத்தவோ வேண்டாமென்று சொல்லிவிட்டு, அருகே நிற்கத் துணிவின்றிச் சாப்ளின் தம் அறைக்குட் சென்றுவிட்டார். ஏழு வயதிலே இலண்டனின் ஏழையர் விடுதியொன்றிற்கு அனுப்பப்பட்டவர் அவர். அந்த அறையினுள்ளே அவர் என்ன நினைத்திருப்பார் என்பதை நாம் ஊகிக்கலாம். சிறிது நேரத்தில் பிள்ளையின் அழுகுரல் கேட்டது. காட்சி முடிந்தது. என்ன செய்தீர் என்று கேட்டபோது, அழாவிட்டால் மெய்யாகவே விடுதிக்கு அனுப்பிவிடுவோம் என்று சொன்னதாகத் தந்தை கூறினார். சாப்ளின் பிள்ளையைத் தூக்கி ஆறுதல் சொன்னார். ஈரங் காயாத கன்னத்தோடு அவன், தந்தை விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்பது தனக்குத் தெரியுமென்று காதோடு சொன்னானாம்.

இப்பகுதியை நான் முதன்முதற் படித்தபோது நூலை மூடிவைத்துவிட்டேன். அதன் காரணத்தை மறையாது சொல்லுகின்றேன்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், புதிதாக நியமனம் பெற்ற இளம் ஆசிரியனாக நான் இருந்த காலத்தில், நாடகப் போட்டி ஒன்றிற்கு அரிச்சந்திரன் கதையைப் பழக்கினேன். லோகிதாசனாக நடித்தவன் ஆறாந்தர மாணவன். காசி நகரிலே அரிச்சந்திரன் மனைவியையும் மைந்தனையும் விற்கும் கட்டம்; தந்தையைப் பிரிய மனமின்றிப் பிள்ளை அழவேண்டும். வசனத்தைப் பிசகின்றிச் சொன்னான், கண்ணீர்தான் வரவில்லை. போட்டியன்று மேடையேறுவதற்குச் சற்றுமுன் அவனை ஒருபுறம் அழைத்து, மத்திய கிழக்கிலே தொழில் செய்துவந்த அவனுடைய தந்தை அடுத்த மாத விடுமுறைக்கு வரப்போவதில்லையென்று தாயார் சொன்னதாக ஒரு பொய்யைச் சொன்னேன். பிள்ளை அழுதான். அவை அழுதது. நடுவர் ஒருவர் கைக்குட்டையை எடுத்ததை நான் திரைக்கு அருகே நின்று பார்த்து மகிழ்ந்தேன். முதற்பரிசு எமக்கே கிடைத்தது. திரை விழுந்ததும் அவனை அணைத்து உண்மையைச் சொன்னேன். தலையசைத்தான். மறு ஆண்டு நாடகத்திற்கு அழைத்தபோது, படிக்க நிறைய இருக்கிறது என்றான். நல்ல பிள்ளை என்று மெச்சினேன்.

கூகனின் கதைக்கு மீளுவோம். அப்படத்தின் பின் அவன் உலகப் புகழ் பெற்றான். அவன் பெயரிலே பொம்மைகளும் விளையாட்டுப் பொருள்களும் விலைப்பட்டன. 1924 இல், அண்மைக் கிழக்கிலே அகதிகளாகிய ஆர்மீனியக் குழந்தைகளுக்கும் கிரேக்கக் குழந்தைகளுக்கும் உதவி திரட்டும் பணியிலே அவனை முன்னிறுத்தினர். பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட உணவும் உடையும் சேர்ந்தன. பத்து வயதுவரை தனியாசிரியரே பாடஞ் சொல்லிக்கொடுத்தனர். பின்னர் பாடசாலைகள் பலவற்றிற்குச் சென்றும், 1932 இல் புள்ளிகள் போதாமையாற் கல்லூரியை விட்டு நீங்க நேர்ந்தது. என் தொழில் காரணமாக இந்த இடத்தில் நான் சற்று நின்றுவிடுகிறேன். உலகமே கைகொட்டிய பிள்ளைக்கு வகுப்பிலே பின்வாங்கில் அமர்ந்து தோற்கப் பழகுவது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்!

1935 மே மாதத்தில் நிகழ்ந்த மோட்டார் விபத்திலே தந்தை இறந்தார். அதே வண்டியிற் சென்ற மகன் மாத்திரம் உயிர் தப்பினார். அவ்வாண்டு ஒக்டோபரில் அவருக்கு இருபத்தொரு வயது நிரம்பிற்று. இனி நாம் அவரை 'அவர்' என்றே சொல்லவேண்டும். ஆனால், சட்டமும் குடும்பமும் அவரை அவ்வாறு மதித்தனவல்ல. சிறுவயதிலே அவர் ஈட்டியது முப்பது முதல் நாற்பது இலட்சம் டொலர் என மதிக்கப்படுகிறது. தாயும், குடும்பக் கணக்குகளை நடத்திவந்து பின்னர் தாயை மணந்துகொண்ட மாற்றுத் தந்தையும் அதனைக் கொடுக்க மறுத்தனர். வயது வராத பிள்ளையின் உழைப்பு பெற்றோருக்கே உரியது என்பது அக்காலக் கலிபோர்னியச் சட்டம். 1938 இல் மகன் தாய்மீது வழக்குத் தொடுத்தார். எஞ்சியிருந்ததைப் பகிர்ந்து அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1,26,000 டொலர்.

தந்தை விளையாட்டுக்குச் சொன்னதைக் கண்டறிந்த அதே கூரிய பிள்ளைதான் இவர். விடுதிக்கு அனுப்பமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, இது தெரியவில்லை.

1939 இல் கலிபோர்னியாவில் இயற்றப்பட்ட சிறுவர் நடிகர் சட்டத்தை இன்றும் 'கூகன் சட்டம்' என்றே வழங்குகின்றனர். முதலில் அதில் ஓட்டைகள் இருந்தன. நீதிமன்றம் அங்கீகரித்த ஒப்பந்தங்களுக்கே அது செல்லுபடியாயிற்று. 2000 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பிள்ளையின் வருவாயில் நூற்றுக்குப் பதினைந்து பங்கேனும் எவரும் தொடவியலாத கணக்கிலே வைப்பிலிடப்படல் வேண்டும். பணத்திற்குக் காவல் கிடைத்தது என்று சொல்லலாம்.

ஏனையவற்றிற்கு? ஹரி பொட்டர் படங்களிலே நடித்த டேனியல் ராட்கிளிஃப் என்பவரை நம் மாணவர்கள் நன்கறிவர். 2000 ஆம் ஆண்டு, பதினொரு வயதிலே தெரிவு செய்யப்பட்டார். 2001 முதல் 2011 வரை எட்டுப் படங்கள் வெளிவந்தன. படப்பிடிப்புத் தளத்திலேயே ஆசிரியர்கள் பாடஞ் சொல்லிக்கொடுத்தனர், பணத்திற்கும் குறைவில்லை. இருந்தும், பதின்ம வயதின் இறுதியில் மதுப்பழக்கத்திற்கு ஆட்பட்டதையும், எங்கு சென்றாலும் தன்னைப் பிறர் உற்று நோக்குகின்றனர் என்ற உணர்வை மறக்கவே குடித்ததையும், பின்னர் அதனைக் கைவிட்டதையும் அவர் செவ்விகளிலே ஒளிக்காமற் கூறியுள்ளார். ஒரு பையன் தெருவிலே முட்டாள்தனமாக நடந்துகொள்ளவும், அதனை ஊரார் மறந்துவிடவும் இடமிருக்கவேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்கின்ற அப்பேறு அவருக்குக் கிட்டவில்லை.

கூகன் இரண்டாம் உலகப் போரிலே பர்மாவிற் கிளைடர் விமானியாகப் பணியாற்றினார். 1964 முதல் 1966 வரை 'அடம்ஸ் ஃபமிலி' என்னும் தொலைக்காட்சித் தொடரில், தலைமயிர் மழித்த விகாரத் தோற்றத்து மாமனாக வந்து குழந்தைகளைச் சிரிக்கவைத்தார். 1972 இல் சாப்ளின் முதுமையிலே அமெரிக்காவுக்கு மீண்டும் வந்தபோது இருவரும் சந்தித்துத் தழுவிக்கொண்டனர். 1984 இற் காலமானார்.

எனது லோகிதாசன் சென்ற ஆண்டு, தம் மகளைச் சேர்ப்பதற்காக என் அலுவலகத்திற்கு வந்தார். பேச்சினிடையே பழைய நிகழ்ச்சியை நானே எடுத்துச் சொல்லி வருத்தந் தெரிவித்தேன். அவர் சிரித்தார். "அழுதது எனக்கு நினைவில்லை, சேர். பிறகு நீங்கள் அது பொய்யென்று சொன்னீர்களே, அதுதான் நினைவிருக்கிறது. இரண்டில் எது பொய் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா படலையைத் திறந்துகொண்டு உள்ளே வரும்வரை, ஒரு மாதம், நான் அம்மாவிடமும் கேட்கவில்லை" என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. அவர் அனுமதிப் படிவத்தை நிரப்பி ஒப்பமிட்டு என்னிடம் நீட்டினார். மகளுக்கு நாடகம் என்றால் உயிர் என்றும் சொன்னார்.